பதினேழாம் நட்சத்திரத்தின் வயது

சுருளிப்பட்டியை விட்டு நடக்க ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, பல் பிரஷ். கம்பத்தில் பஸ் பிடித்துத் தேனிக்குப் போனால் லாரியில் கிளீனர் வேலை இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தார். திராட்சைத் தோட்டத்தில் எழுபது நாள் வேலை பார்த்தாயிற்று. ஒரே இடத்தில் எழுபது நாள் என்பது எனக்கு அதிகம். சண்டை எதுவும் இல்லை. காலையில் எழுந்தேன், போகலாம் என்று தோன்றியது, தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பின்னால் ஒரு ஸ்கூட்டி விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. தோட்டக்காரரின் தங்கை. ஹெல்மெட்டின் வாரை மாட்டாமல் தலையில் கவிழ்த்திருந்தார். காலில் வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு.

“ஏலே, நில்லு! நில்லுங்கிறேன்ல!”

கொடி வெட்டும் கவாத்துக் கத்திரியைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேனோ என்று பையைத் தடவிப் பார்த்தேன்.

“என்னக்கா, கத்திரியா?”

“கத்திரி கெடக்கட்டும். போன வாரம் உன்கிட்ட பதினேழாம் நம்பர் சின்ன வயசுன்னு சொன்னேன்ல? தப்பு. அது சின்ன வயசு இல்ல.”

“எந்தப் பதினேழு?”

“நட்சத்திரம்டா! லித்தியம் நெறைய இருக்குன்னு காட்டுனேனே, அது.”

“இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?”

“பெறகு? நீ ஊர் ஊராப் போற ஆளு. போற எடத்துல எவன்கிட்டயாவது சொல்லி வப்ப. என் தப்பு அங்கன போயி உக்காந்துக்கிரும். அத நான் எங்கன தேடிப் புடிச்சுத் திருத்துறது?”

அவர் அப்படித்தான். சொன்னது தப்பு என்று தெரிந்துவிட்டால், அதை யார் யாரிடம் சொன்னாரோ அத்தனை பேரையும் தேடிப் போய்த் திருத்திச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இனிஷியல் தப்பு என்று என்னைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்.

நான் அவரை முதலில் பார்த்ததே அப்படி ஒரு திருத்தத்தின்போதுதான். கம்பத்தில் ஒரு டீக்கடையில், அன்று என்ன வேலை கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவர், டீ கேட்காமல் கடைக்காரரிடம் நேராக விஷயத்துக்குப் போனார்.

“அண்ணே, முந்தாநாளு ரோகிணி நட்சத்திரம் செவப்பா இருக்கிறதுக்குக் கரிதான் காரணம்னு சொல்லிட்டேன். பேச்சுவாக்குல வந்துருச்சு. அதுல அம்புட்டுக் கரி இல்ல. அது மத்த நட்சத்திரத்தவிடச் சூடு கம்மி, அதனால செவப்பு. கரியால செவந்தது வேற நட்சத்திரம்.”

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. “சரி ஆத்தா. நான் யார்கிட்டயும் சொல்லல.”

“யார்கிட்டயும்?”

அவர் யோசித்தார். “எம் மச்சினன்கிட்ட மட்டும் சொன்னேன்.”

“அவர் போன் நம்பர் குடுங்க.”

எனக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. சட்டென்று என் பக்கம் திரும்பினார். “நீ சிரிக்கிறியே, நீயும் கேட்டேல்ல? என்ன கேட்ட, சொல்லு.”

சொன்னேன். சூடு கம்மி, அதனால் சிவப்பு, கரி வேறு நட்சத்திரம்.

“பரவால்லையே. கவாத்து வெட்டத் தெரியுமா?”

“பழகிக்கிருவேன்.”

“எங்க அண்ணன் தோட்டத்துக்கு ஆள் வேணும். ஏறு வண்டில.”

அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பள்ளி விட்டு வந்ததும், தோட்டத்தில் திராட்சையைப் பெட்டியில் அடுக்குகிற செட்டுக்கு மேலே இருந்த அறைக்குப் போய்விடுவார். முனைவர் பட்டத்துக்காகப் பதினோரு வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வயதாகி ஊதிப் பெரிதாகிவிட்ட நாற்பத்தொரு நட்சத்திரங்களின் மேல்பரப்பில் என்னென்ன இருக்கிறது, காலம் போகப் போக அது எப்படி மாறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. இடையில் அவருடைய அப்பா படுத்த படுக்கையாகி மூன்று வருடம் போனது. பள்ளி வேலை மிச்ச வருடங்களைத் தின்றது. இரண்டு முறை தவணை நீட்டிக் கொடுத்த பல்கலைக்கழகம், இந்த முறை சொன்ன தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. கடிதத்தை அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

தொலைநோக்கி ஒன்று மேலே இருக்கும் என்று நினைத்து ஒரு சாயங்காலம் ஏறிப் போனேன். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. அவ்வளவுதான்.

“குழாய் எங்கக்கா?”

“அதெல்லாம் எங்கெங்கயோ மலை மேல இருக்கு. அவுக எடுத்த வெளிச்சத்த நான் வாங்கி வச்சிருக்கேன்.” திரையில் ஒரு கோடு ஓடியது. நடுநடுவே பள்ளம் பள்ளமாக இருந்தது. “ஒவ்வொரு பள்ளமும் ஒரு பொருளு. இது இரும்பு. இது கால்சியம். இந்தா, இது லித்தியம்.”

“செல்போன் பேட்டரில இருக்கிறதா?”

“அதேதான்!” அவருக்கு ஒரே சந்தோஷம்.

நான் ஜெயமங்கலத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் ஒரு பருவம் வேலை பார்த்தவன் என்று சொன்னதும் சந்தோஷம் இன்னும் கூடியது. கொப்பரையில் பாகு கொதிக்கும்போது அடியில் கிடப்பது மேலே வருமா, எவ்வளவு நேரத்தில் வரும், நிறம் எப்போது மாறும் என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு அந்தப் பாகையே உதாரணமாக வைத்து அவர் சொன்னார்.

நட்சத்திரம் இளசாக இருக்கும்போது சமையல் எல்லாம் நடுவில்தான். மேலே இருப்பதற்கு உள்ளே நடப்பது தெரியாது. வயதாகி ஊதும்போது மேல்பக்கத்துக் கொதிப்பு ஆழமாக இறங்கும். உள்ளே முன்பு வெந்தது மேலே வரும். அப்போது மேல்பரப்பில் கார்பன் குறையும், நைட்ரஜன் கூடும். லித்தியம் பாவம், சூடு தாங்காது; கொதிப்போடு கீழே போனது திரும்பி வராது. இன்னும் கிழடு தட்டிய பிறகு சில நட்சத்திரங்களில் உள்ளே புதிதாக உண்டான கார்பன் தவணை தவணையாக மேலே வரும். கார்பனும் ஆக்சிஜனும் ஜோடி சேர்ந்துகொள்ளும்.

“ஜோடி போக மிச்சம் நிக்கிறது யாரோ, அவுக ராஜ்ஜியம். ஆக்சிஜன் மிஞ்சுனா ஒரு குணம். கார்பன் மிஞ்சுனா வேற குணம். கரியா மண்டி, ரத்தச் செவப்பா ஆயிரும்.”

நான்கு நாள் கழித்து, பந்தலுக்கு அடியில் நான் ஸ்டூல் மேல் நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தபோது வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பாகு உதாரணம் முழுசாச் சரியில்ல. கொப்பரைல கொதிப்பு அடி மட்டம் வரைக்கும் போகும். நட்சத்திரத்துல அடுப்பு வரைக்கும் போகாது, பக்கத்துல வரைக்கும்தான் போகும். மனசுல திருத்திக்க.”

“திருத்திக்கிட்டேன். ஸ்டூல ஆட்டாதீகக்கா.”

கம்பத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு முறை அவரோடு போனேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் கும்பிட்டார். பழைய மாணவராம்.

“உங்க பேட்சுக்கு வானவில் பாடத்துல ஒரு படம் தப்பாப் போட்டுட்டேன்ப்பா. வெளிப்பக்கம் செவப்பு வரணும். நான் உள்பக்கம் போட்டுட்டேன்.”

“கவலப்படாதீக டீச்சர். நான் அந்தப் பாடத்துல பெயிலு.”

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனாலும் இறங்கும்வரை கண்டக்டரை விடவில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் வானவில்லைச் சரியாக வரைந்து கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

எல்லோரும் இப்படிச் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அவர் ஸ்கூட்டி வருவதைப் பார்த்தாலே கடைக்குள் போய்விடுகிறவர்கள் இருந்தார்கள். அவருடைய அண்ணனே தோட்டத்துக் கடைசி வரிசைக்கு ஓடிவிடுவார். “நாப்பத்தோரு கெழட்டு நட்சத்திரத்துக்குப் பதினோரு வருசம்! அதுக எல்லாம் செத்துப் பொழைச்சே வந்திருக்குமப்பா” என்பார் என்னிடம். ஆனால் அறைக்கு மின்சாரம் போனால் முதலில் ஜெனரேட்டரைப் போடச் சொல்லிக் கத்துவதும் அவர்தான்.

ஒரு நட்சத்திரம் மாறுவதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. மனிதர் ஆயுள் அதற்குப் பத்தாது. பிறகு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னைச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் கவாத்து வெட்டுவதில்லை. ஒருவர் இன்று வெட்டுவார், பக்கத்துக்காரர் இருபது நாள் கழித்து வெட்டுவார். அதனால் எந்த நாளில் அந்தச் சாலையில் நடந்தாலும் ஒரு பந்தல் மொட்டையாக இருக்கும், அடுத்தது துளிர்த்திருக்கும், அதற்கடுத்தது பூத்திருக்கும், தள்ளி ஒன்றில் கறுத்த கொத்துகள் தொங்கும்.

“ஒரு கொடி காய்க்க நாலு மாசம். நீ நாலு மாசம் நிக்க வேண்டாம். இந்த ரோட்டுல ஒரு மணி நேரம் நடந்தாப் போதும், நாலு மாசத்தையும் பாத்துரலாம். நானும் நாப்பத்தோரு நட்சத்திரத்த இப்பிடி வயசு வரிசைல நிறுத்தியிருக்கேன்.”

அந்த வரிசையில் பதினேழாவதுதான் அவருக்குச் செல்லம். அதில் லித்தியம் ஏராளம். இப்போதுதான் ஊத ஆரம்பித்திருக்கிற இளசு, அதனால் இன்னும் லித்தியத்தை இழக்கவில்லை என்று ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் கேரளத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். எந்தத் தோட்டம் எப்போது பழத்துக்கு வரும் என்று பார்க்க வேண்டும். எழுபது நாளில் எனக்கு ஒரு மிதப்பு வந்திருந்தது. சாலையில் நின்று பார்த்தே எந்தப் பந்தலுக்கும் கவாத்து வெட்டிய நாள்கணக்கைச் சொல்லுவேன் என்று நானே முன்னால் நடந்தேன். பள்ளிக்கு விடுமுறைக் காலம் என்பதால் அக்காவும் கூட வந்தார்.

“இது எட்டு நாள். இது அறுபது. இந்தா இது இருபத்தஞ்சு நாள், நல்லா துளிர்த்திருக்கு. கொத்துத் தள்ளப் போற நேரம். இத இப்பவே பேசி வச்சுக்கங்க சேட்டா, மூணு மாசத்துல பெட்டி பெட்டியா எடுக்கலாம்.”

அந்தத் தோட்டக்காரர் பந்தலுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “யாருய்யா அது, எந்தோட்டத்துக்கு ஜாதகம் சொல்றது? உள்ள வந்து கொடியப் பாரு.”

போய்ப் பார்த்தேன். கொடியில் இரண்டு வெட்டு இருந்தது. பழையது ஒன்று, அதற்கு மேலே முளைத்த கிளையில் புதியது ஒன்று. பூத்த நேரத்தில் மழை அடித்துக் கொத்தெல்லாம் உதிர்ந்துவிட, மறுபடி வெட்டிவிட்டிருக்கிறார்.

“இருக்கிற கொத்தெல்லாம் மொத வெட்டுலயே வந்து போச்சு. இப்ப எலைதான் வரும். அங்கன ரோட்டுல நின்னு பாத்தா இளசாத்தான் தெரியும். இது ஒருக்க மேல போயிட்டுத் திரும்பி வந்ததுய்யா.”

“எந்தா இது! ஒரு குலை கூடக் காணோமே!” என்று வியாபாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோட்டக்காரரும் சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வெட்டையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடமும் சொல்லாமல் வேகமாக வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். என்மேல் கோபமோ என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் கிளம்பும்போதும் அறைக்கதவு சாத்தியே இருந்தது.

ஆக, நடுரோட்டில் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான். பதினேழாம் நட்சத்திரத்தின் வெளிச்சம் லேசாக நடுங்கும். ஆகாயத்தில் சுற்றும் ஒரு தொலைநோக்கி அந்த நடுக்கத்தைப் பதிந்து எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. அந்த நடுக்கம், நட்சத்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும்.

“ரெண்டு வருசமா என் கம்ப்யூட்டர்லயே கெடந்துச்சுடா. பாக்க இளசா இருக்குன்னு நான் தெறந்தே பாக்கல. நேத்துத்தான் தெறந்தேன். அது முழுசா ஊதி உச்சிக்குப் போயிட்டுச் சுருங்கித் திரும்பி வந்த நட்சத்திரம். ரெண்டாவது வெட்டு!”

“அப்ப அதுல லித்தியம் இருக்கக் கூடாதே?”

“இருக்கக் கூடாது.”

“ஆனா இருக்கே?”

“ஆமா!”

“எங்கருந்து வந்துச்சு?”

“உள்ளயே புதுசா உண்டாயிருக்கணும்.”

“எப்பிடி?”

“தெரியலடா!” என்றார். ‘தெரியவில்லை’ என்று ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகுதான் முகம் கொஞ்சம் மாறியது. தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. நாலாம் அத்தியாயம் முழுக்கப் புதிதாக எழுத வேண்டும். அதற்கு முன்னால், மற்ற நாற்பதிலும் இப்படி ஏமாந்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

“அடிக்குறிப்பா ஒரு வரி சேருங்கம்மா. மொதல்ல பட்டத்த வாங்குங்க. திருத்தத்த அப்புறம் தனிக் கட்டுரையா எழுதலாம். இந்தத் தேதி போனா ஒண்ணும் செய்ய முடியாது.”

“சார், பக்கத்துக்கு மேல ஒண்ணு சொல்லி அடியில வேறொண்ணு சொன்னா, பட்டத்த அதுல யாருக்கு சார் குடுப்பாக?”

“ஒம்பது நாள்தாம்மா” என்றார் பேராசிரியர்.

“ஒம்பது நாள்தான் சார்.”

போனை வைத்துவிட்டு, “ஏறு, உன்னக் கம்பத்துல விட்டுர்றேன். நானும் போகணும். டீக்கடை அண்ணன்கிட்டயும் பதினேழப் பத்திச் சொல்லியிருக்கேன்” என்றார்.

“இருக்கிற ஒம்பது நாள்ல அதுக்கு ஒரு நாளாக்கா?”

“ஒரு நாள் எதுக்கு? மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்.”

முடியவில்லை. பள்ளிக்கூடத்து வாட்ச்மேனிடம் போனோம். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன். கெங்குவார்பட்டியில் இருக்கும் சிநேகிதிக்குப் போன். அவர் எடுக்காததால் மூன்று முறை. கடைசியாகப் போன டீக்கடையில் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அது இளசோ முத்தலோ ஆத்தா, நீங்க மொதல்ல போயி எழுதுங்க. நீங்க டாக்டர் ஆகுறத நான் பாக்கணும்” என்றார். அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மத்தியானம் எப்போதோ தாண்டியிருந்தது.

தேனி பஸ் எதிரே வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை.

“என்ன, பஸ் போகுது?”

“நான் ஏழாவது வரைக்கும் படிச்சவன்க்கா. எழுத்துத் தடுமாறும். நம்பர் தடுமாறாது. அதுல ஏதாவது வேலை இருக்கா?”

ஒன்பதாம் நாள் மதியம், அலுவலகம் மூடுவதற்கு முன்னால், அவர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். பிறகு பட்டமும் வந்தது. நாற்பத்தொன்றில் இன்னும் இரண்டு நட்சத்திரங்கள் இரண்டாவது வெட்டு என்று தெரிந்து, அந்த இரண்டையும் திருத்திச் சொல்ல ஒரு சுற்றுப் போனோம். நான் சொல்ல நினைத்தது அதற்கும் முந்தி, பஸ்ஸை விட்ட மறுநாள் காலையைப் பற்றி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு செட்டுக்கு மேலே அந்த அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். கையில் ஒரு கத்தைத் தாள். அவர் பல வருடமாகத் தட்டச்சு செய்த பட்டியல். நட்சத்திரத்துக்கு ஒரு வரி, வரிக்குப் பதினான்கு எண், தாளுக்கு ஒரு பொருள். நான் வாசிக்க வேண்டும், அவர் மூல எண்ணோடு திரையில் ஒத்துப் பார்க்க வேண்டும். கீழே அண்ணன் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன். புள்ளி எங்கே, கழித்தல் குறி எங்கே என்று எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு மணி நேரத்தில் வேகம் பிடித்துவிட்டது. இரண்டு தாள் முடித்து மூன்றாவதில் பாதி போயிருந்தோம்.

அப்போதுதான் உறைத்தது. முதல் தாளில் இருபத்து மூன்றாம் வரியில் கண் தவறி ஒரு வரி கீழே இறங்கி, கீழ்வரியின் எண்களை இரண்டு தடவை வாசித்திருந்தேன். இரண்டு வரியும் ஏறக்குறைய ஒரே மாதிரி எண்கள். அவர் திரையைப் பார்த்து “ம்” கொட்டிவிட்டிருந்தார். மணி எட்டு ஆகப் போகிறது. எட்டு நாள்தான் இருக்கிறது. அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் பேசாமல் போனால் யாருக்கும் தெரியாது.

“அக்கா, இருபத்து மூணாவது வரியத் தப்பா வாசிச்சிட்டேன்.”

“எந்தத் தாளு?”

“மொதத் தாளு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நானும் பாக்காம ‘ம்’ கொட்டிட்டேன்ல. அங்கனருந்து எல்லாத்தயும் வாசி” என்றார்.

மூன்று தாளையும் திருப்பிப் புரட்டி, இருபத்து மூன்றாம் வரியில் விரலை வைத்தேன்.